நோர்மாவின் பூரணம்

அக்டோபர் 9

மதியம் மீன் சந்தைக்குப் பக்கத்து உணவகம். பூசணி தொர்தெல்லி, மாவுக்குள் பூரணம் வைத்து மடித்து வேகவைத்தது. பூரணத்தில் பாதாம் பிஸ்கட்டை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள், வாயில் வைத்தால் மிட்டாய். சொன்னேன். "எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க" என்றாள் பரிமாறுகிறவள். எல்லாருக்கும் நாக்கு செத்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய?

மனைவி நோர்மா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அடுப்பு எரிவது காப்பிக்கு மட்டும். பேருந்து ஓட்டிக் காலம் தள்ளியவனுக்கு இது ஒரு வசதி: மாந்தோவாவில் எந்த நிறுத்தத்தில் இறங்கினால் என்ன சாப்பாடு என்று மனப்பாடம்.

அக்டோபர் 17

மூடுபனி தொடங்கிவிட்டது. சமையலறையில் ஜாதிக்காய் துருவுகிற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். ஜன்னலில் மரக்கிளை உரசுகிறது. வெட்டிவிடலாம்.

வெட்டவில்லை.

அக்டோபர் 24

ஓட்டுநர் சங்கத்தில் விருந்து. முதலில் இறைச்சி அடைத்த அன்யோலி, இறைச்சிச் சாற்றோடு. ஒயின் பாட்டில் சுற்றி வந்தது. எல்லோரும் கிண்ணத்துச் சாற்றில் சிவப்பு ஒயினை ஊற்றி, எழுந்து, மேஜைக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தார்கள். எங்கள் அப்பன் பாட்டன் எல்லாம் அப்படித்தான் குடித்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வயிறு சரியில்லை என்றேன்.

வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. நான் முதுகைக் காட்டி நிற்கும்போதெல்லாம் பின்னாலிருந்து நோர்மா சொல்வாள்: "திரும்பிக்கோ, நல்லா திரும்பிக்கோ. உன் மூஞ்சியைப் பாக்காம நாலு வாய் நிம்மதியா சாப்பிடறேன்." குடிப்பது பெரிய காரியமில்லை. குடித்து முடித்துத் திரும்பியாக வேண்டுமே.

நவம்பர் 5



ஏரிக்கு அந்தக் கரையில், நான் ஓட்டிய பழைய பேருந்துத் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் ஒரு சின்ன உணவகம். இதுவரை நுழைந்ததில்லை. தொர்தெல்லி வந்தது. ஒரு வாய். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுப்புத் தகட்டில் கருக்கிப் பொடித்த ஆரஞ்சுத் தோல். கடுகுக் காரத்தில் ஊறிய பழத்தின் பாகு, ஒரு சொட்டு. அது நோர்மா. அவள் கை. சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் வந்துவிடுவாள் என்பதுபோல.

பரிமாறிய பெண்ணின் பெயர் மாரா. "யாரும்மா பண்ணினது?" என்றேன்.

"எங்கப்பா."

"பூரணம் யாரோடது?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுங்க. நீங்க இந்த ஊர்தானே?"

இந்த ஊர்தான். இங்கே ஒருவர் வீட்டுப் பூரணத்தை இன்னொருவர் கேட்பதில்லை. தாய் மகளுக்குச் சொல்வாள், அவ்வளவுதான். எங்களுக்கு மகள் இல்லை. என் தங்கை ஒருமுறை வாய்விட்டுக் கேட்டதற்கே நோர்மா சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டாள். பூரணம் கிளறும்போது என்னையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள். தோல் கருகும் வாசனை வீடு முழுக்க வந்ததால் அதுமட்டும் தெரியும்.

நவம்பர் 6

தூக்கமில்லை. யாரிடம் சொன்னாய் நோர்மா?

நவம்பர் 12

திரும்பவும் போனேன். அதே ருசி. சமையலறைக் கதவு இடுக்கில் அந்த ஆளைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும், பெரிய கைகள், தொர்தெல்லி மடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

ஏன் குனிந்தான்? என்னைத் தெரிந்தவன் மாதிரி?

கட்டிய புருஷனுக்குச் சாத்திய கதவு அவனுக்குத் திறந்திருக்கிறது. எப்போது? வியாழக்கிழமை தோறும் கோயில் பாட்டுக் குழுவுக்குப் போவாளே — பாடத்தான் போனாளா? சீ. செத்தவளைப் போய்ச் சந்தேகப்படுகிறேன். வெட்கங்கெட்டவன். ஆனாலும் நெஞ்சு கேட்கமாட்டேன் என்கிறது.

நவம்பர் 13

நோர்மாவின் படத்திடம் கேட்டேன். வாயைத் திறக்காமல் அதே சிரிப்பு. படத்தைத் திருப்பி வைத்தேன். முதுகைக் காட்டுகிற படத்தைப் பார்க்கவும் முடியவில்லை. பழையபடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 19

போனேன். உட்காரக்கூட இல்லை. நடுக் கூடத்தில் நின்று கத்தினேன். "யோவ்! வெளிய வாய்யா! என் பொண்டாட்டிக்கும் உனக்கும் என்னய்யா சம்பந்தம்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. அவன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"கத்தி முடிச்சிட்டீங்களா?"

"இல்ல!"

"சரி, முடிங்க. நிக்கறேன்."

இன்னும் இரண்டு 'யோவ்' போட்டேன். நாற்காலியை இழுத்து என்னை உட்காரவைத்தான். பெயர் நேவியோ. ஆஸ்பத்திரியில் நோர்மாவுக்கு அடுத்த கட்டில் அவன் மனைவி ஓர்னெல்லாவாம். நான் போகிற நேரமெல்லாம் நடுவே பச்சைத் திரை போட்டிருக்கும். திரை மட்டும் ஞாபகமிருக்கிறது.

"ரெண்டு பேருக்கும் வீட்டுக்குத் திரும்பப் போறதில்லன்னு தெரியும்" என்றார் நேவியோ. "ஓர்னெல்லா அவ பூரணத்தை உங்க சம்சாரத்துக்குச் சொன்னா, அவங்க தன்னோடதை ஓர்னெல்லாவுக்குச் சொன்னாங்க. சின்னப் பிள்ளைங்க மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. அப்புறம் என்னைக் கூப்பிட்டு எனக்கும் அந்தப் பூரணத்தைச் சொல்லிட்டு, உங்க சம்சாரம் சொன்னாங்க — 'என் வீட்டுக்காரனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. ஊர்ல இருக்கற கடையெல்லாம் ஏறி இறங்கிக் குறை சொல்லிட்டுத் திரிவான். ஒருநாள் உங்க கடைக்கும் வருவான். முதல் வாயிலயே கண்டுபிடிச்சிடுவான். சண்டைக்கு வருவான். கத்தி முடிக்கற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க'ன்னு."

"நீங்களே வந்து சொல்லியிருக்கலாமே?"

"கூப்பிட்டா வரமாட்டான், விட்டாத்தான் வருவான்னாங்க."

தட்டு வந்தது. அழுதுகொண்டே தின்றேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

நவம்பர் 20

என்னை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்து வைத்திருக்கிறாள், படுபாவி.

டிசம்பர் 3

ஓர்னெல்லாவின் பூரணத்தை ஏன் செய்வதில்லை என்று நேவியோவைக் கேட்டேன். "உங்க சம்சாரத்தோடது பண்ணக் கை வருது. அவளோடது வரமாட்டேங்குது" என்றார். உள்ளே போய்விட்டார்.

டிசம்பர் 25

கடை இன்று மூடல். மாரா புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். மூடிய கடைக்குள் நானும் நேவியோவும்.

முதலில் அன்யோலி, சாறு. பாட்டிலை எடுத்தார். வயிறு சரியில்லை என்றேன்.

"எனக்கும் அதே வியாதிதான். அவ போனதுலேருந்து" என்று சொல்லி இரண்டு கிண்ணத்திலும் ஊற்றினார்.

எழுந்தோம். மேஜைக்கு ஆளுக்கொரு பக்கம், முதுகைக் காட்டி. எனக்கு முன்னால் சுவர் அலமாரி. குடித்தேன். பின்னால் நாற்காலி கிரீச்சென்றது. கரண்டி தட்டில் பட்டது. திரும்பிக்கோ, நல்லா திரும்பிக்கோ — கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

கிண்ணம் காலி. அதை வாயிலிருந்து எடுக்கவில்லை. அவரும் கிண்ணத்தை வைத்த சத்தம் வரவில்லை.

"நேவியோ."

"ம்."

"நீங்க திரும்புங்க."

"நீங்க முதல்ல."

கடைசியில் நான்தான் திரும்பினேன். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. அவர் இன்னும் சுவரைப் பார்த்து நின்றார். பிறகு, திரும்பாமலே சொன்னார்: "அடுப்புக்குப் பக்கத்துல தொர்தெல்லி மூடி வெச்சிருக்கேன். எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தேன். ஒரு வாய் சாப்பிட்டேன். ஆரஞ்சுத் தோல் இல்லை. கடுகுக் காரம் இல்லை. மிளகு தூக்கலாக இருந்தது, உப்பு ஒரு கல் குறைவு, மாவு கொஞ்சம் தடிமன்.

"எப்படி இருக்கு?" என்றார், சுவரிடம்.

"ஓர்னெல்லா நல்லா பண்ணியிருக்காங்க" என்றேன்.

அப்புறம்தான் திரும்பினார்.