உள்கதவை அடைக்க வேண்டாம்

அன்புள்ள மதுவந்திக்கு,

அத்தையின் ஆசிகள். நீயும் என் மகனும் சுகமாக இருக்கிறீர்களா? வில்லாபுரத்து வெயிலில் நின்று கட்டட வேலையைப் பார்க்காதே, தலைவலி வந்துவிடும்.

நம் வீட்டின் பின்பகுதியை, நான் ஊர் திரும்பியதும் இருக்க, தனி வீடாக்க மாநகராட்சி அனுமதி கிடைத்ததில் மகிழ்ச்சி. தனி வாசல், தனி அடுப்பு, தனி மீட்டர் எல்லாம் நான் கேட்டவைதான். உள்கதவைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னவளும் நான்தான். "கதவ அடைச்சுட்டா, நீங்க கூப்புட்டா எங்களுக்கு எப்படி அத்தே கேக்கும்?" என்றாய். "கூப்பிட மாட்டேன்" என்று வெடுக்கென்று சொன்னேன். உன் முகம் வாடியதைப் பார்த்தும் பேசாமல் ரயிலேறிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

போன வாரம், நான் வார்டனாக இருக்கும் இந்த டேராடூன் விடுதியில், குளியலறையில் வழுக்கி விழுந்தேன். முழங்காலில் வீக்கம் மட்டுமே, பயப்படாதே. கூப்பிட்டேன். என் அறைக்கும் மாணவிகள் அறைக்கும் நடுவே தடுப்பு வெறும் பலகை என்பதால் மாணவிகளுக்குக் கேட்டுவிட்டது. அழகரைத் தூக்குவதுபோல் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். வார்டனுக்கு நல்ல மரியாதை!

அதனால் உள்கதவை அடைக்க வேண்டாம். அடைத்திருந்தால், இன்ஜினீயரிடம் சொல்லி மாநகராட்சிக்குத் திருத்திய வரைபடம் கொடுத்து, அனுமதி வந்த பிறகே திறக்க வேண்டும். முறை தவறக் கூடாது.

நீ அரைக்கும் பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பு. இங்கே சாப்பாட்டில் உறைப்பே இல்லை. நான் விழுந்ததை என் மகனிடம் சொல்லாதே.

படிப்பு மணி அடிக்கிறது, போக வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் உன் பக்கம் மட்டும் இருந்தால் போதும்.

அன்புடன்,
அத்தை ராஜலோசனி