ஜெல்லில் விழுந்த உப்பு

கும்மிடிப்பூண்டி
12.8.1978

அன்புள்ள மரியபாக்கியத்துக்கு,

மாமாவுக்கு என் வணக்கம். நீயும் பிள்ளையும் சுகம்தானே? உப்பளத்தில் நின்று வெடித்த உன் பாதம் ஆறிவிட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே கம்பெனியில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. முகத்தில் பூசும் ஜெல் கெட்டியாவதற்குக் கார்போமர் என்று ஒரு வெள்ளை மாவு போடுகிறோம். சுழலும் தண்ணீரில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். சூப்பர்வைசர் ஏகாம்பரம் அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டியதில் கட்டி தட்டிவிட்டது. பழியை என்மேல் போட்டான். முதலாளி முன்னாலேயே, "சோத்துல உப்புப் போட்டுத்தான் துன்றியா நீ?" என்று கேட்டான். உப்பளத்துக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

உப்புப் பட்டால் ஜெல் நீர்த்துப்போகும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவன்தான் எனக்குச் சொல்லித் தந்திருந்தான். மறுநாள் அவன் கிண்டிய டிரம் கண்ணாடி மாதிரி கெட்டியாக நின்றது. அவன் டீ குடிக்கப் போனதும், நீ முடிந்து கொடுத்த கல்லுப்பு முழுவதையும் அதில் போட்டுக் கிண்டிவிட்டேன். முதலாளி வந்து கரண்டியால் எடுத்தார், தண்ணீராக ஒழுகியது. ஏகாம்பரம் திருதிருவென்று விழித்தான். அன்றைக்கு எனக்கு உப்பில்லாத சோறுதான். இந்த ஊரில் அவ்வளவு ருசியாக நான் ஒரு நாளும் தின்றதில்லை.

இங்கே கடை உப்பு நாக்கில் ஒட்டவில்லை. நம் ஊர் அருளப்பன் இங்கே வரும்போது நம் அளத்து உப்பு கொடுத்தனுப்பு. சங்கு ஊதிவிட்டது, போகிறேன். எனக்கு ஒரு படி போதும். நீ இரண்டு படியாகவே கொடு. ஏகாம்பரம் இன்னும் இங்கேதான் இருக்கிறான்.

உன்,
சூசை