முதுகில் எழுதிய பெயர்

என் அருமை மச்சான் குகனுக்கு,

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் பத்தாம் நம்பர்காரன் போய்விட்டான். நீ தலையில் தூக்கிவைத்து ஆடினாயே, அவனேதான். வெளிநாட்டில் உன் சிவப்புச் சட்டைப் பந்தாட்டக் கழகத்தை விட்டு என் நீலச் சட்டைக் கழகத்துக்கு வந்திருக்கிறான். கோல் போட்டதும் நெஞ்சிலிருந்த சிவப்புச் சின்னத்தை இழுத்து முத்தமிடுகிறவன், போன சனிக்கிழமை நீலச் சின்னத்தை முத்தமிட்டான். அதே வாய். இடையில் துடைக்கக்கூட இல்லை.

சந்தையடிச் சலூனில், கார் பட்டரியில் ஓடும் அந்தச் சின்ன டிவியில்தான் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "என்னடா வரதன், உன்ட கிளப்புக்குத்தானே வந்திருக்கான்? கையத் தட்டன்" என்றார்.

தட்ட மனம் வரவில்லை. இப்படி ஒருநாள் வரவேண்டும், உன் வீட்டு வேலியில் நின்று உன்னைச் சாகடிக்கவேண்டும் என்று எத்தனை வருசம் காத்திருந்தேன்! வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நீ இல்லை. ஆளில்லாத வேலியில் நின்று யாரை நக்கலடிப்பது?

உண்மையைச் சொன்னால் எல்லாமே அருவருப்பாகத்தான் இருக்கிறது. என் கழகத்தின் முதலாளிக்குப் பந்து உருண்டையா சதுரமா என்றே தெரியாது. பணக்காரன் புதுக் கார் வாங்குவதுபோல் ஆட்களை வாங்கிக் குவிக்கிறான். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பையன்கள் ஆட விடாமல் ஓரத்து வாங்குப் பலகையில் குந்தியிருந்து தண்ணீர் குடிக்கிறார்கள். உன் கழகமும் திறமில்லை. நெஞ்சில் பியர்க் கம்பனியின் பெயரை ஒட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளோடு கைகோத்து மைதானத்துக்குள் வருகிறார்கள்.

அதைவிட மோசம் அவர்களின் நடிப்பு. காற்றுப் பட்டாலே விழுகிறான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருளுகிறான். உடனே வைத்தியர் ஓடி வருகிறார், ஸ்ட்ரெச்சர் வருகிறது. உன்னை வாவித் துறையிலிருந்து கொண்டுவர நாங்கள் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போனோம். சோதனைச் சாவடியில் அந்தக் கதவையும் புரட்டிப் பார்த்தார்கள். இதையெல்லாம் அறிந்தவனுக்கு அந்த உருளலைப் பார்க்க எப்படி இருக்கும், சொல்லு?

சலூனில் ஒருவர் வாய் தவறி, "துரோகி" என்றுவிட்டார். உடனே சலூன்காரர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அந்தப் பத்தாம் நம்பர்காரனை நான் அந்தச் சொல்லால் திட்டமாட்டேன். இங்கே அந்தச் சொல் விழுந்த வீட்டில் அடுத்ததாக ஆள் விழுகிறது. அங்கே பக்கம் மாறுகிறவனைப் பத்திரிகைக்காரர் படம் பிடிக்கிறார்கள். இங்கே எந்தப் பக்கமும் போகாமல் இறால் வலை எடுக்கத் தோணியில் போனவனைச் சுடுகிறார்கள்.

உன்னைச் சுட்டது யார் மச்சான்? இந்தப் பக்கத்தைக் கேட்டால் அந்தப் பக்கம் என்றார்கள். அந்தப் பக்கத்தைக் கேட்டால் இந்தப் பக்கம் என்றார்கள். இனிமேல் கேட்காதே என்று இரண்டு பக்கமும் சொன்னது. அதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

ஆனால் என்னைப் போட்டு அரித்தது உன் சட்டை. அந்தச் சிவப்புச் சட்டையோடுதான் நீ செத்தாய், அதோடுதான் புதைத்தோம். நீ மண்ணுக்குள் அவன் நம்பரைச் சுமந்துகொண்டு கிடக்க, அவன் அங்கே நீலத்தை முத்தமிடுகிறான். வீட்டில் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு இதைச் சொல்லிக் கத்தினேன். உன் தங்கச்சி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தாளுக்காக நீங்க ஏன் கிடந்து வேகுறீங்க? அண்ணன்ட சட்டையில அந்தாள்ர பேரா இருந்திச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எப்படி மறந்தேன்?

நாம் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் ஏறாவூர்த் தையல்கடை. "பத்தாம் நம்பரும் பேரும் போடணும் காக்கா" என்று மட்டும் சொன்னாய். பத்தாம் நம்பர் யாரென்று உலகத்துக்கே தெரியும் என்பது உன் நினைப்பு. "பேரென்ன தம்பி?" என்று கேட்டார். கடைக் கணக்குக்கு என்று நினைத்து, "குகன்" என்றாய். சட்டையை எடுக்கப் போனால் முதுகில் கொட்டை எழுத்தில் குகன்! நீ அங்கேயே குதித்தாய். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"உடுக்கிறது நீங்க. அதில ஊரான் பேர ஏன் எழுதணும்? நாளைக்கு அவன் வந்து, என்ட சட்டையத் தா எண்டு கேட்டா என்ன செய்வீங்க?"

களுவாஞ்சிக்குடி தாண்டும்வரை பஸ்ஸில் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சிரித்ததுதான் குற்றம்.

வாவி உன்னைத் திருப்பித் தந்தபோது முகத்தை வைத்து ஒருவராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. முதுகை வைத்துத்தான் சொன்னோம். அந்தக் காக்கா பிழை விட்டிராவிட்டால், உன்னை யாரோ வெளிநாட்டான் பெயரில் பதிந்து எங்கேயோ போட்டிருப்பார்கள். நீ எவன் பெயரையும் சுமந்துகொண்டு போகவில்லையடா. உன் பெயரோடுதான் போனாய். அந்த முத்தக்காரன் எங்கே போனால் நமக்கென்ன?

இப்போது நல்ல செய்தி. எங்களுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. உன் மூக்கு, பாவம்.

கலியாணத்தன்று நீ மாலையோடு நின்ற என் காதில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நீ நீலமா இருந்திட்டுப் போ. பிள்ளை தாய்ர குடிதானே. எங்கட குடி, எங்கட சிவப்பு." கோயிலில் தாய்வழி வம்சமென்று குடி பார்ப்பது சரி, பந்தடியிலும் குடி பார்ப்பதா என்று அன்றைக்குச் சண்டை பிடித்தேன். சரி மச்சான், நீ வென்றாய். பிள்ளை தாயின் குடி. அவள் சிவப்பு.

நான் மாறமாட்டேன். நாறினாலும் எனக்கு நீலம்தான். மாறினவனைத் திட்டிவிட்டு நானும் மாறினால் நான் என்ன மனுசன்?

ஏறாவூர்ப் பாதை இப்போது பூட்டு. அந்தக் கடை இருக்கிறதோ தெரியாது, காக்கா இருக்கிறாரோ தெரியாது. பாதை திறந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. சின்னச் சிவப்புச் சட்டை ஒன்று தைக்கச் சொல்வேன். பேரென்ன என்று அவர் கேட்பார். நான் அவளுடைய பெயரைச் சொல்வேன்.

உன் தங்கச்சியின் புருசன்,
உன் மருமகளை உனக்கே விட்டுக்கொடுத்த நீலச்சட்டை மச்சான்,
வரதன்
பெரியகல்லாறு