நாவல் மரத்துக்கு அந்தப் பக்கம்

வெள்ளிமலை
செவ்வாய் இரவு

அன்பு மகள் அருள்மொழிக்கு அம்மா எழுதுவது,

இத்தனை நேரம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பகலில் பேனாவை எடுத்தால் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அப்பாவும் சின்னவள் தமிழ்மொழியும் தூங்கின பிறகுதான் கை ஒழிந்தது. ஆண்டவர் தயவில் நாங்கள் மூன்று பேரும் சுகம், மங்களூரில் உன் உடம்பும் மனசும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் சாயங்கால ஜெபத்தில் உன் பேரைச் சொல்கிறோம். போன ஞாயிறு போனில் உன் குரல் கம்மியிருந்தது, சளியா இல்லை அழுதாயா என்று கேட்பதற்குள் ஹாஸ்டல் சிஸ்டர் போனை வாங்கிவிட்டார்கள், அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நைட் டூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. ஈரத் தலையைப் பின்னாதே. இதையெல்லாம் எழுதினால் சிரிப்பாய், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசி வருஷப் பரீட்சை எழுதினவள் நான், அன்றைக்கு ஆரம்பித்த கவலை இது, சட்டென்று போய்விடுமா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபாதர் என்னை நம் ஊர்க் கோயிலுக்கு உபதேசியாராக இருக்கச் சொல்கிறார். மாதக் கடைசிப் பூசைக்கு மேலே வரும்போது பதில் வேண்டுமாம். பிலவேந்திரன் உபதேசியார் இறந்ததை மட்டும்தான் அப்பா உனக்குச் சொன்னார், அடக்கம் நடந்த கதையைச் சொல்லவில்லை, அவர் எப்படிச் சொல்வார், அன்றைக்கு அவரே ஊரில் இல்லை. நான்கு நாள் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து அவருடைய ஜீப் கச்சிராயபாளையத்திலேயே நின்றுவிட்டது, ஃபாதரும் கீழே, நாங்கள் மேலே. கரண்டும் இல்லை, கீழேயிருந்து ஃப்ரீசர் பெட்டி வரவும் வழியில்லை. நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பூசை இல்லாத ஞாயிறுகளில் ஜெபம் நடத்தினதும் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொன்னதும் செத்தவர்களை மந்திரித்து அனுப்பினதும் அந்த ஒரே மனிதர்தான். அவர் கண் மங்கின பிறகு வாசகம் மட்டும் என்னிடம் கொடுத்தார், அதுவும் பீடத்துப் படியில் கால் வைக்காமல் கீழேயே நின்று படிக்கணும் என்று கண்டிப்பு. அப்படிப்பட்டவரை அடக்கம் பண்ண ஒரு ஆள் இல்லை.

உன் பெரியப்பாவும் நாலைந்து ஆம்பளைகளும் கோயில் வாசலில் கூடிப் பேசி, ஆளுக்கு ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு மண்ணைத் தள்ளிவிடலாம் என்று முடிவு பண்ணினார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே இருந்த இஞ்ஞாசியம்மாள், உபதேசியார் சம்சாரம், எழுந்து வந்து, “ஊர்ல எல்லாரையும் புஸ்தகத்த முழுசா படிச்சி அனுப்பிச்ச மனுஷன், அவுர மட்டும் அரைகொறையா அனுப்புவீங்களா” என்று கேட்டது. நான் சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று ஃபாதருக்குப் போன் போட்டேன். சாமியார் வர வழியில்லாதபோது அடக்கச் சடங்கைப் பொதுநிலையினர் நடத்தலாம், வாசகம் படிக்கிற நீங்களே நடத்துங்கள், பூசையை நான் வந்து வைக்கிறேன் என்றார். அப்பாவுக்கும் போட்டேன். அண்ணன் சொல்கிறபடி கேள் என்றார், உடனே, உனக்குச் சரியென்று பட்டால் செய் என்றார். இதற்கு நான் போனே போட்டிருக்க வேண்டாம்.

பெரியப்பா முகத்தைப் பார்த்து நான் பேசுகிறதில்லை, உனக்குத்தான் தெரியுமே, கோயில் சுவரைப் பார்த்து ஃபாதர் சொன்னதைச் சொன்னேன். அவரும் அந்தச் சுவருக்கே பதில் சொன்னார். “ஃபாதரு கீழ குந்திக்கினு சொல்லுவாரு. நம்மூட்டு பொம்பளைங்க நாவ மரத்த தாண்டினதே இல்ல.” அது நிஜம்தான், பாடையோடு அந்த மரம் வரைக்கும் போவோம், அங்கே நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிடுவோம், கல்லறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. சாவு வீட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்து எடுத்து வந்திருந்த பக்கத்து வீட்டு வெள்ளச்சி இதையெல்லாம் கேட்டுவிட்டு, “இன்னா மாமா, உங்க சாமிக்கு பொம்பள கொரலு கேக்காதா” என்றாள். அவள் அப்படித்தான், யாருக்கும் பயப்படமாட்டாள். கடைசியில் பெரியப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குக் கொண்டுபோகிற கை மைக்கை எடுத்துக்கொண்டு நான் நாவல் மரத்தடியில் நிற்க வேண்டியது, அங்கிருந்தே படிக்க வேண்டியது, ஆம்பளைகள் கீழே குழிக்குள் இறக்க வேண்டியது.

அப்படியே போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது, ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் மைக், பார்க்காமல் பேசுகிற பொத்தானுக்குப் பதிலாகச் சைரன் பொத்தானை அழுத்திவிட்டேன் மகளே. ஆம்புலன்ஸ் மாதிரி அது அலறுகிறது, அமத்தவும் தெரியவில்லை, பாடை தூக்கினவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள், ஊர் நாயெல்லாம் சேர்ந்து ஊளையிடுகிறது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. இஞ்ஞாசியம்மாள்தான் பக்கத்தில் வந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு, “வா ஜூலியா, கிட்டக்க போயி சொல்லு. அவுருக்கு காது வேற கம்மி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. புருஷனை இழந்தவளை யார் தடுப்பார்கள். இரண்டு பேரும் மரத்தைத் தாண்டினோம், திரும்பிப் பார்க்கிறேன், எல்லாப் பெண்களும் பின்னாலேயே வருகிறார்கள், வெள்ளச்சிகூட.

குழி ஓரத்தில் சேறு, செருப்பு புதைகிறது. முதல் பக்கம் படிக்கும்போது எழுத்தெல்லாம் மழைத் தண்ணீரில் ஊறுகிறது, முந்தானையால் மூடி மூடிப் படித்தேன். திடீரென்று புத்தகத்தின் மேல் மழை விழவில்லை. பெரியப்பா தன் குடையைப் புத்தகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு, எங்கேயோ பார்த்தபடி நின்றார். கடைசி வரைக்கும் அப்படியே நின்றார். அதற்கப்புறம் ஒரு வரி விடாமல் முழுசும் படித்தேன். தீர்த்தம் தெளித்து முதல் பிடி மண் போட்டேன்.

பாதை திறந்த பிறகு ஃபாதர் வந்து பூசை வைத்துவிட்டுக் கூட்டத்தில் என்னை உபதேசியாராக வைக்கலாமா என்று கேட்டபோது, பொம்பள உபதேசியார் என்றால் பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான் என்று ஒன்றிரண்டு பேர் முனகினார்கள். பெரியப்பா, சிரிக்கிறவன் மழையில் வந்து குழி வெட்டட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். உன் அப்பாவை ஜீப் ஸ்டாண்டில் இப்போதே உபதேசியார் வீட்டுக்காரர் என்று கூப்பிடுகிறார்களாம், வெளியே சலித்துக்கொள்கிறார், கண்ணாடி முன்னால் நின்று தலை சீவும்போது தன்னால் சிரித்துக்கொள்கிறார், நான் பார்த்துவிட்டேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் யோசனை ஓயவில்லை. ராத்திரியில் சாகக் கிடக்கிறவர்கள் கூப்பிட்டால், அப்பா ஜீப்போடு கீழே தங்குகிற நாளில் தமிழ்மொழியைத் தனியாக விட்டுப் போக வேண்டும். நாளைக்கு உன்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பிணத்துக்கு மண் போடுகிறவள் மகளா என்று கேட்பார்களோ என்றுகூட நினைப்பு ஓடுகிறது. மே மாதம் பாண்டிச்சேரியில் எனக்கு உபதேசியார் பயிற்சி, உனக்கு அப்போதுதான் லீவு, வருஷத்தில் ஒரு தடவை வருகிற பிள்ளை என் கையால் சாப்பிடாமல் போவாயே என்பதுதான் எல்லாவற்றையும்விட மனசை அறுக்கிறது.

சாமை இந்த வருஷம் மழையிலும் தப்பிவிட்டது, உனக்குக் கொஞ்சம் குத்தி வைத்திருக்கிறேன். ஜெபமாலையை மறக்காதே, அங்கே கோயிலுக்குப் போகும்போது தனியாகப் போகாதே. சேசுவும் மாதாவும் உனக்குத் துணையிருப்பார்கள், உன் கை தொடுகிற நோயாளிகள் குணமாகட்டும். நேற்று இஞ்ஞாசியம்மாள் கோயில் சாவியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, துருப்பிடிக்கிறதுக்குள் எடுத்துத் திற என்று நம் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போயிற்று. உன் போட்டோவுக்குக் கீழே ஒரு ஆணி காலியாக இருக்கிறது. அதில் மாட்டட்டுமா, வேண்டாமா, நீ சொல். மாதக் கடைசிக்கு முன்னால் கிடைக்கிற மாதிரி சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா
ஜூலியா மார்ட்டின்