வெள்ளச்சி காட்டிய பாஸ்

4-6-81, வியாழன்

காலையில் வெயில். பத்து மணிக்கு மேல் மூட்டம். ஜீப் இன்றும் வரவில்லை. நடைதான்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: மாறுதல் மனு (2 பிரதி), குடை, தலைவலி மாத்திரை, நல்ல புடவை ஒன்று. அப்புறம் அரை மூட்டை கடுக்காய்.

கடுக்காய் வேலூர் ஆபீஸ் சூப்ரண்டுக்கு. போன மாதம் மனுவைப் புரட்டிக்கொண்டே, மலையில்தானே இருக்கிறீர்கள், நல்ல கடுக்காய் கிடைக்குமே என்றார். ஆறு வருஷமாக இந்த ஓராசிரியர் பள்ளியில் கிடக்கிறேன். ஒழுகும் கூரை. பேச ஆளில்லை. மலையையே கேட்டிருந்தாலும் பெயர்த்துக் கட்டிக் கொடுத்திருப்பேன்.

பொறுக்கிக் கொடுத்தவள் வெள்ளச்சி (இனி வெ.). அவளே சுமந்தும் வருகிறாள். அவளுக்கும் கீழே வேலை. மகள் மல்லிகா ஐந்தாவது தேறிவிட்டாள். அடிவார ஹாஸ்டல் பள்ளியில் ஆறாவதுக்குப் பெயர் பதிய நாளை கடைசி நாள். போன வாரம் நான்தான் அவள் தேறியதற்குக் காகிதம் எழுதி, சீல் குத்திக் கொடுத்தேன். வெ.க்குப் படிக்கத் தெரியாது. இதுதான் பாஸ், கீழே யார் பாஸ் கேட்டாலும் இதைக் காட்டு என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். யூரியா பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருக்கிறாள்.

பன்னிரண்டு ஆகிறது. கூப்பிடுகிறாள்.

5-6-81, வெள்ளி காலை. வேலூர், அக்கா வீடு

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதித்தான் ஆக வேண்டும்.

வண்டித்தடத்தில் போனால் அடிவாரம் அமிர்தியில் கடைசி பஸ் போய்விடும். குறுக்கே இறங்கலாம் என்றாள் வெ. ரிசர்வ் காடு. தடம் என்று ஒன்று கிடையாது. இடுப்பளவு புல், அதற்குள் உருளும் கல். மூங்கில் புதரில் முந்தானை கிழிந்தது. செருப்பு வார் ஒன்று போச்சு. அவள் தலையில் மூட்டை, வெறுங்கால். முள் கிளையை ஒதுக்கி, நான் தாண்டும் வரை பிடித்துக்கொண்டு நிற்பாள். வழியெல்லாம் ஹாஸ்டல் பேச்சு. தினமும் அரிசிச் சோறா? மல்லிகாவுக்குத் தனிப் பாயா? தலைக்கு எண்ணெய் யார் வைப்பார்கள்? எனக்கு மூச்சு வாங்கியது. எரிச்சலாகத்தான் பதில் சொன்னேன்.

நாலரை மணி இருக்கும். கடைசி ஓடையில் ஃபாரஸ்ட் கார்டு. பாறைமேல் பீடியோடு.

மூட்டையில் என்ன என்றார். கடுக்காய் என்றாள்.

"பாஸ் கீதா?"

காட்டுப் பொருள் எடுத்துப் போக அவர்கள் ஆபீசில் தரும் சீட்டைக் கேட்கிறார். வெ. முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். மூட்டையை இறக்கினாள். கையைப் புடவையில் துடைத்தாள். மடியிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கீதுங்க. டீச்சரம்மா குடுத்தாங்க."

அவர் சீலை மட்டும் பார்த்தார். மேலே எழுதியதைப் படிக்கப் பொறுமை இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரு எப்டிங்க பாஸ் குடுக்கலாம்? நீங்களா குடுத்தீங்க?"

இது பள்ளிக்கூடத்து பாஸ், மூட்டை என்னுடையது. இவ்வளவுதான். இரண்டே வாக்கியம். பிள்ளைகளுக்குத் தினமும் வாக்கியம் அமைக்கச் சொல்லித் தருகிறவள் நான். அந்த நேரம் கண்முன் வந்ததெல்லாம் மெமோ, விசாரணை, கிடப்பில் போன மாறுதல். தூரத்தில் பஸ் ஹாரன் வேறு.

"நான் ஒண்ணும் குடுக்கலைங்க" என்றேன்.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூட்டையைத் தூக்கு, ஆபீசுக்கு நட என்றார் அவளிடம். என்னிடம் மரியாதையாக, நீங்க போங்க, பஸ் வந்துடும் என்றார். வெ. கோபிக்கவில்லை. அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது சொன்னாள்:

"ஓடையப் புட்ச்சே போங்க டீச்சரம்மா, ரோடு வந்துடும்."

பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. சீ.

அதே நாள், மாலை

ஆபீஸ். இரண்டு மணி நேரம் பெஞ்சில். சூப்ரண்டிடம், கடுக்காய் கொண்டுவர முடியவில்லை சார் என்று இழுத்தேன்.

"எந்தக் கடுக்காய்?"

நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. மனு மேசையில் இல்லை. அடுத்த மாதம் வந்து பாருங்கள் என்றார். ஆக, நேற்று யாருக்குக் கடுக்காய் கொடுத்தேன் என்பது எனக்குத் தெரியும்.

அக்கா மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டேன். அதுவும் இறங்குகிறது.

7-6-81, ஞாயிறு

இன்றைக்குப் பார்த்து ஜீப் வந்தது. மத்தியானமே மலை ஏறியாயிற்று. லேசான தூறல்.

வெ. வீட்டுக்குப் போனேன். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்துதான் விட்டார்களாம். மூட்டை போயிற்று. காகிதமும் போயிற்று. ஹாஸ்டலில் நாளும் முடிந்தது. வேறு எழுதித் தருகிறேன், ஹெட்மாஸ்டரிடம் நானே வந்து பேசுகிறேன் என்றேன். முறத்தை நிறுத்தவில்லை.

"வேணாங்க டீச்சரம்மா. பாஸ் குடுக்கலன்னு நீங்களே சொன்னீங்களே. இன்னும் ஒரு வருசம் படிக்கட்டும்."

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. டீச்சர் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள். மல்லிகா பாஸ்தான் வெள்ளச்சி என்றேன்.

"அப்ப அன்னிக்கு இன்னா சொன்னீங்க?"

உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். திட்டியிருக்கலாம். பாவி, ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

8-6-81, திங்கள்

பள்ளி திறப்பு. மழை இல்லை. சாக்பீஸ் நமுத்துக் கிடக்கிறது. புதுப் பிள்ளைகள் மூன்று பேர், ஒன்று ஒரே அழுகை.

மல்லிகா வந்திருந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. ஐந்தாம் வகுப்பு வரிசையில், போன வருஷம் உட்கார்ந்த அதே இடம்.

அட்டெண்டன்ஸ் எடுத்தேன். ஐந்தாம் வகுப்பில் ஏழு பேர். அவள் பெயரை நானே போன மாதம் அடித்துவிட்டேன். ஏழாவது பெயரோடு ரெஜிஸ்டரை மூடினேன். தலை நிமிரவில்லை.

"உள்ளேன் டீச்சர்" என்றாள், கூப்பிடாமலே.