‘ஆரோ’ வீட்டுக் குருவிகள்

மே 3, சனி

விடியும்போதே கொதி வெயில். காற்று இன்னும் படுக்கையில். ஓ.எல். சோதனை எழுதி முடித்தவர்களுக்கு அரசாங்கம் ஒரு வேலையும் தருவதில்லை, அம்மா தருகிறா. இன்றைய வேலைகள்: வளவு கூட்டுதல், கருவாட்டுக்குக் காகம் கலைத்தல், வேம்புக்குக் கீழே வாயை மூடிக்கொண்டு இருத்தல். மூன்றாவதுதான் உயிர் போகிற வேலை.

வேம்பில் பெட்டி. அப்பாவின் கைவேலை. பழைய வள்ளத்தை உடைத்தபோது மிஞ்சிய பலகை. வள்ளத்தின் பெயர் ஆரோக்கிய மாதா. பெட்டியின் முகப்புக்கு வந்த துண்டில் ‘ஆரோ’ மட்டும் மிச்சம். நல்லதாகப் போயிற்று. உள்ளே ஆர் இருக்கினம் என்று கேட்டால் பலகையே பதில் சொல்லும்.

குடிவந்தது சிட்டுக்குருவிச் சோடி. ஆணுக்குக் கழுத்தில் கறுப்புத் தாடி, கோயிலில் காணிக்கைத் தட்டு எடுப்பவரின் நடை. பெயர் ஆரோ. பெண், திருமதி.

திருமதி வெளியே போன நேரம் பார்த்து ஏணி வைத்து மூடியைத் தூக்கினேன். நான்கு முட்டை. கணிதத்துக்கு எனக்கு ஒன்றுதான் வரும்.

திருமதி அடையில். நான் வீட்டில் அடைபட்டு. இருவருக்கும் ஒரே வெயில்.

மே 7, புதன்

பக்கத்து வளவு சூசை மாமா (இனிமேல் சூ.மா.). அம்மாவின் அண்ணன். மீன் வெட்டுகிற குடலை வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் எறிவது அவருடைய பழக்கம். குடலுக்குக் காகம் வரும். குடல் முடிந்தால் காகம் அண்ணாந்து பார்க்கும். அண்ணாந்தால் பெட்டி. அம்மா பல தடவை சொல்லிவிட்டா. தங்கச்சி சொல்லி எந்த அண்ணன் கேட்டிருக்கிறார்?

இன்று வேலியருகே நின்று, மரத்தில் அது என்ன என்று கேட்டார். குரலைத் தாழ்த்தினேன்.

“கமரா, மாமா. குப்பை எறியிற ஆக்களைப் பிடிக்க. பிரதேச சபைக் கந்தோரால வந்து பூட்டினவை.”

பெட்டியின் வட்ட ஓட்டையை நெடுநேரம் பார்த்தார்.

“இருட்டிலயும் தெரியுமோ?”

“இருட்டிலதான் வடிவாத் தெரியும்.”

சத்தமும் கேட்குமோ என்று காதுக்குள் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். மிச்சத்தைக் கையால் கதைத்துவிட்டுப் போனார்.

பின்னேரம் சூ.மா. குடலை வாளியில் போட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோனார். சேட்டுப் போட்டு, தலை இழுத்து. அண்ணனுக்கு ஏதும் கலியாணப் பேச்சோ என்று அம்மா யோசிக்கிறா.

வலது கண்ணால் சிரித்து இடது கண்ணால் பக்தியாக இருக்க முடியும். செபமாலை நேரத்தில் கண்டுபிடித்தேன்.

மே 14, புதன்

பொரித்துவிட்டன!

மூன்று. நாலாவது முட்டை அப்படியே கிடக்கிறது. (என் கணிதத்துக்காக ஒதுக்கி வைத்ததாக இருக்கும்.) அழிறப்பரின் இளஞ்சிவப்பு நிறம். கண் இல்லை, இறகு இல்லை, வாய் மட்டும் உண்டு. சூ.மா.வின் குடும்பமோ?

ஆரோவும் திருமதியும் மாறி மாறி. புழு, விட்டில், பச்சையாக ஏதோ. ஆரோ உள்ளே போக முன் கிளையில் நின்று இடம் வலம் பார்க்கிறார். பிறகுதான் நுழைவார். திருமதி பார்ப்பதில்லை. நேரே உள்ளே. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அப்பா வாசலில் கால் மணலைத் தட்டித் தட்டி நிற்பார், அம்மா அதற்குள் அடுப்படியில் நிற்பா.

செபமாலை முடிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அன்றைக்கான ஒரு நன்றியை ஒவ்வொருவரும் சத்தமாகச் சொல்ல வேண்டும். அம்மா, மீன் பட்டதற்கு. அப்பா, எஞ்சின் நிற்காததற்கு. நான், கணிதத் தாள் திருத்துகிறவரின் கண் மங்கலாக இருக்கப்போவதற்கு முன்கூட்டிய நன்றி. தொடையில் அம்மாவின் கிள்ளு. சிவந்திருக்கிறது.

மே 18, ஞாயிறு

கச்சான் காற்று பெயர்ந்துவிட்டது. பூசைக்குப் போகும் வழியெல்லாம் வாய்க்குள் மணல். பிரசங்கத்தை மென்று மென்று கேட்டேன்.

வந்து பார்த்தால் பெட்டியில் காகம். மூடிமேல் தலைகீழாகத் தொங்கி ஓட்டைக்குள் மூக்கை விடுகிறது. திருமதி கத்திக்கொண்டு அதன் தலையில் கொத்துகிறா, ஆரோ வாலில். செருப்பை எறிந்தேன். காகம் போயிற்று. செருப்பு வரவில்லை. இன்னும் மேலே.

அப்பா பச்சை நைலோன் வலைத் துண்டு ஒன்று தந்தார், பெட்டியைச் சுற்றிக் கட்டச் சொல்லி. எங்களுக்கு எதற்கும் வலைதான். மாதுளைக்கு வலை, கோழிக்கு வலை, மெத்தை கிழிந்தால் வலை.

பிடித்துப் பார்த்தேன். மறியல்வீடு மாதிரி. ஆரோ என்ன குற்றம் செய்தார்? அப்பாவின் கொட்டிலில் தங்கூசி வலையும் கிடந்தது. கண்ணாடி மாதிரி மெல்லிய நூல், கடலுக்குள் மீனுக்கே தெரியாது. கண்ணும் கணக்கு: குருவி நுழையும், காகம் நுழையாது. அதைக் கட்டினேன். கீழே நின்றால் கட்டியதே தெரியவில்லை. வேலையில்லாதவளின் வலை!

இருவரும் உள்ளே போய் வந்தார்கள். காகம் வந்து முட்டிவிட்டுப் போனது. எனக்கு நானே கை தட்டினேன். மெதுவாக.

மே 19, திங்கள்

எழுத வரவில்லை. எழுதாமல் படுக்கவும் வரவில்லை.

மத்தியானம். காற்று கூடுதல். குஞ்சுகளின் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிது. வெளியே வந்தேன். அந்தரத்தில் ஆரோ. ஒன்றிலும் பிடிக்காமல் மிதக்கிறமாதிரி. பிறகுதான் விளங்கியது. கழுத்திலும் ஒரு செட்டையிலும் தங்கூசி. காற்று வலையை ஆட்ட ஆட்ட இறுகுகிறது.

ஏணியில் ஏறினேன். கை வைத்ததும் துடித்தது. துடித்ததும் இன்னும் இறுகியது. கையை எடுத்துவிட்டேன்.

அப்பா கடலால் வந்து படுத்திருந்தார். படுத்த அப்பாவை எழுப்பக் கூடாது, வீட்டுச் சட்டம். எழுப்பினேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஏணியில் ஏறினார். நான் கத்தியை நீட்டினேன்.

“கத்தி வேண்டாம், பிள்ள. வந்த வழியாலதான் எடுக்கோணும்.”

இடது உள்ளங்கையை ஆரோவுக்குக் கீழே கொடுத்தார். பாரம் கையில் விழ, நூல் தளர்ந்தது. வலது கையின் இரண்டு விரலால் ஒவ்வொரு கண்ணாகப் பின்னுக்கு எடுத்தார். வலையில் பட்ட மீனைச் செதில் போகாமல் கழற்றுகிற அதே விரல்கள். செட்டை வந்தது. கழுத்தில் கடைசி நூல் மட்டும் வரவில்லை. தலையைக் குனிந்து பல்லால் கடித்தார். ஆரோவின் தலை அப்பாவின் மீசைக்குள்.

வால் இறகு பாதி வலையோடு போய்விட்டது.

கையை விரித்தார். ஆரோ பறக்கவில்லை. பிறகு விழுந்தமாதிரி எழும்பி, வேலியில் இடறி, அந்தப் பக்கம் பற்றைக்குள்.

பச்சை வலையைத்தானே தந்தேன் என்று அப்பா கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. தங்கூசியை எல்லாம் அவிழ்த்து, சுருட்டி, அடுப்படிக்குக் கொண்டுபோனார்.

திருமதி தனியாக வந்து போகிறா. மூன்று வாய்.

செபமாலையில் என் முறை வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கிள்ளவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மே 20, செவ்வாய்

காற்று. வள்ளங்கள் கரையில். ஆரோ வரவில்லை.

திருமதி புழுவோடு வரும்போது மூன்றும் கத்துகின்றன. ஒன்றுக்குக் கிடைக்கிறது. போன பிறகும் இரண்டு கத்துகின்றன. சின்னக் குஞ்சின் சத்தம் பின்னேரம் வரை தேய்ந்துகொண்டே வந்தது. நான் பப்பாசி இலையில் புழு தேடினேன். பிடித்ததை மூடிமேல் வைத்தேன். காகம் தின்றது.

வலை இல்லாததால் அப்பா காவல். வேம்புக்குக் கீழே கதிரை போட்டு இருந்து வலை பொத்துகிறார். பக்கத்தில் கற்கள். காகம் வந்தால் ஊசியை வைத்துவிட்டுக் கல்.

சூ.மா. வேலியால் எட்டிப் பார்த்தார்.

“என்ன, கமரா பசியில அழுகுதோ?”

இன்றைக்குப் பகிடி வரவில்லை. அது கமரா இல்லை, குருவிக்கூடு, தகப்பன் குருவியை நான் வலையில் மாட்டிவிட்டேன், இன்னும் வரவில்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“கமரா இல்லை எண்டு தெரியும். போன கிழமை கமராவுக்குள்ள இருந்து ஒருத்தர் வெளிய வந்து எனக்கு மேல எச்சம் போட்டவர்.”

“பிறகேன் மாமா குடலைக் கடலுக்குக் கொண்டு போறீங்கள்?”

“கூடெண்டு தெரிஞ்ச பிறகு எப்பிடியடி எறியிறது?”

போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டு உடைமுள் தோளில், சேட்டெல்லாம் கீறல். அப்பா ஏணி பிடிக்க, பெட்டியைச் சுற்றி முள்ளை வைத்துக் கட்டினார். விரல் நீளம் வெள்ளை முள். கிளைக்கும் கிளைக்கும் நடுவே குருவி போக வழி. காகம் வந்து இருக்கப் பார்த்தது, ஒரு காலைத் தூக்கியது, மற்றக் காலைத் தூக்கியது, போய்விட்டது.

சூ.மா. இறங்கும்போது என் செருப்பையும் கொண்டுவந்தார். இதுவும் கந்தோரால பூட்டினதோ என்று கேட்டார்.

இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு நாள் முழுக்க ஒரு பெட்டிக்கு. நான் தேத்தண்ணி மட்டும் ஊற்றினேன். சூ.மா.வின் கோப்பைக்குள் உப்புப் போடவில்லை. நன்றி என்றால் அதுதான்.

மே 21, புதன்

வந்துவிட்டார்.

நான் பல் தீட்டிக்கொண்டிருந்தேன். கிளையில் ஒரு குருவி. இடம் பார்த்தது, வலம் பார்த்தது. வால் பாதி. வாயில் பச்சைப் புழு. முள்ளைப் பார்த்துத் தயங்கியது. இன்னொரு தடவை இடம் வலம். நுழைந்துவிட்டது.

பற்பசை நுரையோடு ஓடி, ஆரோ வந்துவிட்டார் என்று அப்பாவை எழுப்பினேன். மூன்று நாளில் இரண்டாம் தடவை சட்டம் முறிந்தது. அப்பா பாயில் இருந்தபடியே கேட்டார், “வாய் நிறையவோ வெறும் வாயோ?”

“நிறைய.”

திரும்பிப் படுத்துவிட்டார். முதுகு சிரித்தது.

செபமாலையில் நான்தான் முதலில் சொன்னேன். நீளமாகப் போயிற்று. அப்பாவின் பல்லில் தொடங்கி உடைமுள்ளில் முடிந்தது. இந்த வீட்டில் மற்றவர்களும் சொல்ல இருக்கிறார்கள் என்று அம்மா ஞாபகப்படுத்தினா. ஆனால் அவவும் குருவிக்குத்தான் சொன்னா.

மே 29, வியாழன்

ஓட்டையில் எப்போதும் ஒரு முகம். மஞ்சள் வாய்க்கரை. இறகு வந்ததும் மூன்றுக்கும் தாயின் சாயல்.

காலை பெரியது போனது. அடுத்ததும் பின்னாலேயே. வேலியில் இறங்கித் தாங்களே ஆச்சரியப்பட்டார்கள்.

சின்னது வரவில்லை. தலையை நீட்டும், காற்றடித்தால் உள்ளே இழுக்கும். ஆரோ கிளையில் இரையோடு நின்று கூப்பிடுகிறார், கிட்டக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அம்மா அடுப்பில் சோறு கிடக்க வந்து நின்றா. வேலிக்கு அங்கால் சூ.மா.வின் தலை. எல்லோருக்கும் கழுத்து நோ.

“வா மகனே, பயப்பிடாத,” சூ.மா. இரகசியக் குரலில். என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

வந்தது. முள்ளுக்கு நடுவே, தாயைப்போல, ஒன்றும் பாராமல். சோறு அடிப்பிடித்துவிட்டது. அடிச்சோற்றை நான் தின்றேன்.

ஜூன் 1, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அப்பா பெட்டியைத் துப்பரவாக்க ஏறினார். பழைய கூட்டை எடுத்து என் கையில் தந்தார். புல், கோழி இறகு, அம்மாவின் சாக்கு நூல், என் தலைமயிர், பொரிக்காத முட்டை. விளிம்பில் சிக்கி ஒரு துண்டு தங்கூசி. அதை உருவித் தன் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பெட்டியைக் கச்சானுக்கு முதுகு காட்டுகிறமாதிரித் திருப்பினார். அடிக்க ஆணி இன்னும் ஒன்று இருந்தது.

கிளையில் சத்தம். பாதி வாலோடு ஆரோ. வாய் நிறையப் புதுப் புல். அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்று ஏசு ஏசென்று ஏசுகிறார்.

அப்பா சுத்தியலை இடுப்பில் சொருகினார்.

“இந்தா இறங்கிறன், ஐயா. இறங்கிறன்.”