ஆறாவது ஃபாரம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் இடுப்புவலி தேவலையா? சின்னவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

இங்கே ஒரு கூத்து நடந்தது, பயப்படாதே. புத்தகம் கட்டும் மேசையில் பதினாறு பக்கமாக மடித்த அச்சுத்தாள்களை, அதாவது ஃபாரங்களை, வரிசையாக எடுத்து அடுக்குவதுதானே என் வேலை. இப்போது ஒரு சிறுவர் கதை ஓடுகிறது. பறக்கும் மீன்மேல் ஏறி மேகத்துக்குப் போன சிறுமி, திரும்பும் வழியில், ஆறாவது ஃபாரத்தில் செத்துப்போகிறாள். நாற்பது புத்தகத்தில் அந்த ஃபாரத்தை மட்டும் விட்டுவிட்டேன். மேஸ்திரி திட்டவில்லை, சிரித்தார்.

"என்னப்பா, எண்பதாம் பக்கத்துல புள்ள பாடிக்கிட்டு போகுது. அடுத்த பக்கம் தொண்ணூத்தேழு, எல்லாரும் உக்காந்து அழறாங்க. நடுவுல என்ன ஆச்சுன்னு படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

வேண்டுமென்று செய்யவில்லை. கை அந்த அடுக்கைத் தொடாமலே தாண்டிப் போயிருக்கிறது.

அந்த நாற்பதில் ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எண்பதாம் பக்கத்தோடு மூடிவிடுவேன். மூடிய பிறகும் அவள் பாடுவது கேட்கிறது, பாப்பாவின் குரலில்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இரண்டு பனியனும் தலைவலித் தைலமும் கொடுத்துவிடு.

கடைசியாகப் போனில் பாப்பாவும் பாடினாள். நான் லீவு வாங்கி வந்து சேர்ந்தபோது அவளை எடுத்தாகிவிட்டது. எல்லோரும் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தீர்கள். நடுவில் இருந்த ஒன்பது நாளை நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. அந்த ஒன்பதில் ஒரு நாளையும் விடாமல் எழுது.

பாப்பாவின் அப்பா